ஐந்து பேருக்கு இரண்டு அறை

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு உங்களுக்கும் எனக்கும் சங்கடம் இல்லை.

பல் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். கடைவாய்ப் பல் குடைச்சல். மடியில் இருந்த பத்திரிகையை யாராவது தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தாலும் தெரிந்திருக்காது. பக்கத்து நாற்காலியில் அறுபதைத் தொட்ட ஒருவர். சட்டைப் பையில் ஒரு சின்ன டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும் எட்டிப் பார்த்தன. போனை ஸ்பீக்கரில் போட்டு, தட்டை ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திப் பேசிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு கடற்கரை ஊரில் அறை எடுக்கிறார் என்று புரிந்தது.

"மொத்தம் எத்தனை பேர் சார்?" என்றது போனில் ஒரு பெண் குரல்.

"அஞ்சு. நானு, என் மனைவி, மருமக, பேத்தி. அப்புறம் இன்னொருத்தர்."

"அந்த இன்னொருத்தர் உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். எதிர்ச் சுவரில் சிரித்துக்கொண்டிருந்த பெரிய பல் படத்தைப் பார்த்தார். பிறகு, "லைன் சரியில்லம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

லைன் நன்றாகத்தான் இருந்தது. எனக்கே கேட்டதே.

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது கன்னம் வீங்கி, வாயில் பஞ்சு வைத்திருந்தார். பேசும் நிலையில் அவர் இல்லை. கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. போய்விட்டார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மற்றதெல்லாம் நானாகச் சேர்த்தது.

என் பல்வலி ஒருவழியாகத் தீர்ந்தது. அந்தக் கேள்வி தீரவில்லை. ஒருவர் நமக்கு என்ன உறவு என்று கேட்க நம்மிடம் இருப்பது 'என்ன வேணும்' என்ற கேள்விதான். கடைக்காரர் கேட்கிறாரே, அதே கேள்வி. உறவையும் தேவையையும் ஒரே சொல்லில் கட்டிவைத்தது யாரோ தெரியாது. அந்த ஆள் அதில் மாட்டிக்கொண்டு முழித்ததைப் பார்த்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அன்று கடல் அமைதியாக

நிறுத்திவிட்டேன். இன்னும் யாரும் கடலுக்கே போகவில்லை. மேலும், கதைகளில் வரும் கடல் ஆட்களின் மனசைப் பார்த்துப் பார்த்து நடந்துகொள்ளும். நிஜக் கடலுக்கு அந்த மரியாதை தெரியாது.

இரண்டாவது முயற்சி:

மகனைப் பறிகொடுத்த அந்தத் தந்தையின் கண்களில்

அதுவும் சரிவரவில்லை. கண்களில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன். காதுதான் தெரிந்தது.

(மகனைப் பறிகொடுத்தவர் என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பீர்கள். அவர் சொன்ன ஆட்களை இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள். மனைவி உண்டு, மருமகள் உண்டு, பேத்தி உண்டு. நடுவில் ஒருவன் இருக்க வேண்டும். இல்லை.)

மூன்றாவதாக எழுதியது நிலைத்துவிட்டது. அதையே வைத்துக்கொள்கிறேன்:

லிப்ட் மெக்கானிக் ஒருவருக்கு லீவில் என்ன செய்வது என்று தெரியவில்லை.

3

டார்ச்சையும் ஸ்க்ரூ டிரைவரையும் வைத்து அவரை லிப்ட்காரர் ஆக்கினேன். உயரமான கட்டிடங்களின் தொண்டைக்குள் இறங்கி கயிறு, பிரேக், கதவு சென்சார் எல்லாம் பார்க்கிற வேலை. எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் ஏறியதும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார். "பிரேக் தேய்ஞ்சிருக்கு" என்பார். மனைவி, "கூட வந்தது நான். லிப்ட் இல்ல" என்பாள்.

அவருடைய ஒரே மகன் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேஜையில் சாய்ந்து போய்விட்டான். இதயம். வயசு முப்பத்தைந்துகூட இல்லை. அதற்கப்புறம் லிப்ட்காரர் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லார் வீட்டிலும் ஆட்கள் கண்ணயரும் நேரத்தில் இவர் ஏதாவது ஒரு கதவின் கீலைக் கழற்றிக்கொண்டிருப்பார். பகலில் படுத்தால் ஏதோ கேட்டுவிடும் என்று பயந்த மாதிரி.

மருமகள் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற வேலை அவளுக்கு. காலையில் அவள் கடைக்குப் போவாள்; மாமியார் பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துப் போவாள். பேத்திக்கு வீட்டில் பெயர் குட்டி. வாயாடி. மருமகளை மறுபடி கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி ஓயாமல் நச்சரித்தது மாமியார்தான்.

"நீ எங்களுக்குச் செஞ்சதெல்லாம் போதும். உனக்குன்னு ஏதாவது செஞ்சுக்கோ."

"விடுங்க அத்தை, வேற பேச்சு இல்லையா?"

"வேற பேச்சு எல்லாம் பேசியாச்சு."

அப்படியிருக்கும்போதுதான் கடைக்கு ஒருவர் வந்தார். பேக்கரி வைத்திருப்பவர். கண்ணாடி மங்கலாகத் தெரிகிறது, பவர் ஏறிவிட்டது என்று புகார். மருமகள் கழற்றி வாங்கித் துடைத்துக் கொடுத்தாள். பவர் ஏறவில்லை, மாவு படிந்திருந்தது. மறுவாரமும் மாவோடு வந்தார். அதற்கு அடுத்த வாரமும்.*

* இந்த இடத்தை இன்னும் நீட்டலாம். ஆனால் இது அவர்கள் காதல் கதை இல்லை. அவர்களுக்கும் கொஞ்சம் தனிமை வேண்டாமா?

4

"கல்யாணத்துக்கு முன்னாடி நாம எல்லாரும் எங்கயாவது போய்ச் சும்மா இருந்துட்டு வரலாமா மாமா?" என்று கேட்டவள் மருமகள். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். கை ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தது. "எல்லாரும்னா, அவரும் சேர்த்து."

"அதுக்கென்ன, போலாமே" என்றார் லிப்ட்காரர். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அதில் அவருக்கே ஆச்சரியம்.

மறுநாளே ஒரு தாளில் கோடு போட்டு அட்டவணை தயாரித்துவிட்டார். காலையில் கடற்கரை, பிறகு கலங்கரை விளக்கம், பிறகு படகு, இடையில் 'ஓய்வு' என்று அரை மணி. லிப்ட் சர்வீஸ் அட்டவணை மாதிரியே இருந்தது. மனைவி அதை வாங்கிப் படித்தாள். நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜையின் காலடியில் வைத்தாள். மேஜை நின்றது.

"சும்மா இருக்கத்தான் போறோம். சும்மா இருக்கறதுக்கு எதுக்குங்க கோடு?"

"சரி, ரூம்? அதையாவது பேசலாமா?"

"ரெண்டு ரூம். நாங்க மூணு பேரும் ஒண்ணுல. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுல."

"எந்த ரெண்டு பேர்?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவருக்குப் புரிந்ததும் முகம் தொங்கிப்போயிற்று.

"அவரு குறட்டை விடுவாரோ என்னமோ."

"நீங்க விடறத நான் இத்தனை வருஷமா கேக்கலையா? பதிலுக்கு ஒருத்தர் விட்டா கேட்டுக்குங்க."

அப்புறம்தான் அந்தப் பல் டாக்டர், அந்த போன். அன்று சாயங்காலம் கன்னம் வீங்கிப் பேச முடியாமல் போனது அவருக்கு வசதியாகிவிட்டது. மனைவி போனைப் பிடுங்கி, "அஞ்சு பேர்மா. எல்லாம் வீட்டு ஆளுங்கதான். ரெண்டு ரூம் போடு" என்றாள். அந்தப் பெண்ணும் போட்டுவிட்டாள். இத்தனை சுலபமா என்று லிப்ட்காரர் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தார்.

5

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். கொஞ்ச காலம் இந்தக் காகிதங்களைத் தொடவே இல்லை. காரணம், லிப்ட்காரர் மீது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மருமகளின் கல்யாணத்துக்குத் தலையாட்டுகிறார், கோடு போடுகிறார், அறை எடுக்கிறார். இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. பார்க்காதவரை எப்படி எழுதுவது?

அதனால் அவருக்குக் கொஞ்சம் அற்பத்தனம் கொடுத்தேன். பேக்கரி வைத்திருக்கும் அந்த ரொட்டிக்காரர் ஒவ்வொரு முறை வீட்டுக்கு வரும்போதும் சூடாக ரொட்டி கொண்டுவருவார். லிப்ட்காரர் ஒரு துண்டைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நடுவுல ஓட்டை ஜாஸ்தி" என்பார். அவர் போனதும் மீதியைச் சமையலறையில் நின்றபடியே தின்றுவிடுவார். மனைவியிடம் பேசும்போது 'அந்த ரொட்டி' என்றுதான் குறிப்பிடுவார். "அந்த ரொட்டி வருதா இன்னைக்கு?"

எழுதியதும் அவரைப் பிடித்துவிட்டது. அதோடு, அவர் ஏன் அப்படி என்பதும் புரிய ஆரம்பித்தது.

நம்மிடம் உறவுகளுக்குச் சொற்பஞ்சம் கிடையாது. அக்கா புருஷனுக்கு ஒன்று, தங்கை புருஷனுக்கு ஒன்று, இரண்டு வீட்டுப் பெரியவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட ஒன்று. ஆனால் செத்துப்போன மகனின் மனைவியைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு? லிப்ட் குழிக்குள் டார்ச்சோடு நிற்கும்போதெல்லாம் அவர் ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்தார்.

மாப்பிள்ளை. நல்ல சொல்தான். ஆனால் அது மகளின் கணவருக்கு. மருமகள் மகள் மாதிரி என்று ஊரே சொல்கிறது. அந்த 'மாதிரி'யை எடுத்துவிட்டு மகளாகவே ஆக்கினால், அவர் பையன் அவளுக்கு அண்ணனாகிவிடுவான். என்ன அசிங்கம் இது என்று டார்ச்சை அணைத்துவிட்டார்.

மகன் என்றால்? முடியாது. ஆள்தான் இல்லையே தவிர, அந்த நாற்காலி காலி இல்லை.

தம்பி என்று கூப்பிடலாம். தெருவில் வழி கேட்கிறவரும் தம்பிதான். சார் என்றால், லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் 'பயப்படாதீங்க சார்' என்று மேலேயிருந்து கத்துகிற நினைப்பு வருகிறது.

சரி, அவர் எனக்கு ஒன்றும் வேண்டாதவர் என்றே வைத்துக்கொள்வோம் என்று நினைத்தார். அதுவும் நிற்கவில்லை. அவர் வேண்டாதவர் என்றால், நாளைக்கு அவர் பெண்டாட்டி எனக்கு என்ன வேணும்? குட்டி என்ன வேணும்? எந்தச் சொல்லை எடுத்தாலும் யாரோ ஒருவர் கையை விட்டுப் போனார்கள்.

இந்தப் பக்கம் நின்றால் செத்தவன் போனான். அந்தப் பக்கம் நின்றால் இருப்பவர்கள் போனார்கள்.

எனவே கடலுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தார்.

6

[இங்கே ஒரு லிப்டை நிறுத்தலாம். ரொட்டிக்காரரையும் லிப்ட்காரரையும் உள்ளே வைத்து, இரண்டு மாடிக்கு நடுவில். மனம் விட்டுப் பேசுவார்கள். நானும் ஒரு பக்கம் எழுதினேன். லிப்ட்காரர் கதையில் லிப்ட் நிற்பதற்கு நீங்கள் முதல் பக்கத்திலிருந்தே காத்திருப்பீர்கள் என்று தோன்றியது. கிழித்துப் போட்டேன். அடுத்ததாக, குட்டியை விட்டு ஏதாவது அழகாகச் சொல்ல வைக்கலாம் என்று ஆசை வந்தது. கதைகளில் குழந்தைகள் ஏற்கெனவே அளவுக்கு மீறி உழைக்கிறார்கள். அது பள்ளியில் இருக்கட்டும்.]

அவர் நேராகப் பேக்கரிக்குப் போனார். மதிய நேரம். அடுப்பு அணைந்து, கடையில் கூட்டம் இல்லை. ரொட்டிக்காரர் தட்டுகளில் ஒட்டியதைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸ்டூலை இழுத்து ஏப்ரனால் துடைத்தார். ஸ்டூலில் மாவு இன்னும் அதிகமாயிற்று.

"உக்காருங்க சார்."

"உக்கார வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு. அந்த ஊருக்கு நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. எனக்கு இங்க வேலை வந்துடுச்சு. ஒரு ஆஸ்பத்திரி லிப்ட். எப்பக் கூப்பிடுவாங்கன்னே சொல்ல முடியாது."

பொய். அந்த ஆஸ்பத்திரி லிப்டைப் பார்த்துக்கொள்வது வேறு கம்பெனி.

ரொட்டிக்காரர் தட்டைக் கீழே வைத்தார். "நான் வர்றதாலயா சார்?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல."

"இல்ல, அப்படி இருந்தா நான் நின்னுக்கறேன். நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க. எனக்கும் கடை இருக்கு."

"நல்லாருக்கே. உங்களுக்காகத்தானே போறதே. நீங்க போங்க."

"இல்ல சார், நீங்க போங்க."

"அட, நீங்க போங்கன்னா."

கதவு திறந்திருக்கும் லிப்டின் முன்னால் இரண்டு பேர் மரியாதை காட்டிக்கொண்டே நின்றால் கதவு மூடிக்கொள்ளும். லிப்ட்காரர் அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். இப்போது அவரே நின்றுகொண்டிருந்தார்.

ரொட்டிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கலாமா சார்? தப்பா எடுத்துக்கக் கூடாது. அவர் எப்படி இருப்பார்?"

"யாரு?"

"உங்க பையன்."

லிப்ட்காரரின் கை சட்டைப் பையில் இருந்த டார்ச்சைத் தொட்டது.

"போட்டோ பார்த்திருக்கேன். ஆனா அவரைப் பத்தி யாரும் என்கிட்ட பேசறதே இல்ல. நான் உள்ள வந்தா, பேசிட்டிருந்த பேச்சு நின்னுடுது. அன்னைக்குக் குட்டி 'எங்க அப்பா'ன்னு என்னமோ ஆரம்பிச்சுது. என்னைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிச்சு. அது வாயை மூடி நான் பார்த்ததே இல்ல சார். அன்னைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அப்புறம் கடைல வேலையே ஓடல. அவர் இருந்த இடத்துல நான் உக்காரணும்னு வரல. அந்த வீட்ல அவரைப் பத்திப் பேசாம ஆக்கினது நான்தான்னு ஆயிடக் கூடாது. அங்க போனா நீங்க எல்லாரும் அவரைப் பத்திப் பேசுவீங்கன்னு நெனச்சேன். நான் பாட்டுக்கு ஓரமா உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பேன்."

லிப்ட்காரரின் தொண்டையில் ஏதோ

(தொண்டையில் எதுவும் வேண்டாம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கறுப்பு பேன்ட். மாவைப் பற்றி யோசிக்கவில்லை.)

"கடலுக்கு ஷூ போட்டுக்கிட்டு வருவான்" என்றார்.

"என்ன சார்?"

"என் பையன். மணல் கால்ல ஒட்டினாப் பிடிக்காது. சாக்ஸ், ஷூ எல்லாம் போட்டுக்கிட்டு, பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு, தண்ணி முன்னாடி நிப்பான். அலை வந்தா ஓடுவான். ஒரு தடவை ஓட மறந்துட்டான். ஊர் திரும்பற வரைக்கும் நடந்தா சளக் சளக்னு சத்தம். பஸ்ல எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. இவன் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான், யாரு காலோங்கற மாதிரி."

ரொட்டிக்காரர் சிரித்துவிட்டார். உடனே தப்புச் செய்ததுபோல் நிறுத்தினார்.

"சிரிங்க. சிரிக்கிற விஷயம்தான். இன்னொண்ணு சொல்றேன், வெளில சொல்லாதீங்க. அவனுக்கு லிப்ட்னா பயம். என் பையனுக்கு! எத்தனை மாடியா இருந்தாலும் மூச்சு வாங்க ஏறிப் போவான். 'அப்பா, நீங்க ரிப்பேர் பண்றதப் பார்த்தவன் எவனும் அதுல ஏற மாட்டான்'பான்."

இப்போது இரண்டு பேரும் சிரித்தார்கள். லிப்ட்காரருக்குச் சிரிப்பு நடுவில் வேறொன்றாக மாறியது. ரொட்டிக்காரர் பார்க்காத மாதிரி எழுந்துபோய், தண்ணீர் கொண்டுவருவதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு இவர் மறுபடி தொடங்கினார். விசில் அடிக்கத் தெரியாமல் காற்று மட்டும் ஊதுவான். பரீட்சைக்கு முன்னால் நகம் வெட்ட மாட்டான். கோபம் வந்தால் அம்மாவிடம் பேச மாட்டான், ஆனால் அவள் பின்னாலேயே அறை அறையாகப் போவான். மகன் போனதிலிருந்து யாரிடமும் சொல்லாததெல்லாம் மாவு வாசனையில் வெளியே வந்துகொண்டிருந்தது. சாயங்கால வாடிக்கையாளர்கள் வர ஆரம்பித்த பிறகுதான் எழுந்தார்.

வாசலில் நின்று கேட்டார்: "ஆமா, நீங்க குறட்டை விடுவீங்களா?"

"தெரியலையே சார். தனியாத்தானே இருக்கேன். யாரும் சொன்னதில்ல."

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கித் துடைத்தார். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. பேன்ட்டில் பின்பக்கம் வெள்ளை வட்டமாக மாவு இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

7

போய்ச் சேர்ந்தார்கள். வழியில் ஒன்றும் நடக்கவில்லை. குட்டி வாந்தி எடுத்தாள். அது வழக்கமாக நடப்பது.

வேண்டுமென்றே லிப்ட் இல்லாத விடுதியாகப் பார்த்து வைத்தேன். பழைய கட்டிடம், இரண்டே மாடி. ஆண்கள் அறையில் இரண்டு கட்டில், ஒரு பிரம்பு நாற்காலி, வெயிலில் வெளுத்த திரை. ஜன்னல் வழியே இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவில் ஒரு கீற்றுக் கடல். உப்புக் காற்றில் ஜன்னல் கொக்கி துருவேறி, மூட மறுத்தது.

"கொஞ்சம் முதுகை நீட்டறேன்" என்றார் லிப்ட்காரர், சாப்பிட்டு வந்ததும். "அந்தக் கொக்கியை அப்புறம் பார்க்கறேன்."

ஒரு செருப்பைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றுவதற்குள் தூங்கிப்போனார்.

வெயில் இறங்கியதும் மனைவி கதவைத் தட்டினாள். பின்னால் மருமகளும், கையில் வாளியோடு குட்டியும். ரொட்டிக்காரர் கதவை ஒருக்களித்துத் திறந்து, உதட்டில் விரலை வைத்தார். உள்ளேயிருந்து சீராகக் குறட்டை வந்துகொண்டிருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது. ஒரு காலில் செருப்பு. வெளியே இன்னும் பகல்.

அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். மருமகள் அவள் தோளில் கை வைத்தாள்.

"எழுப்பட்டுமா அத்தை?"

"வேண்டாம்மா. மகராசனா தூங்கட்டும்."

"நீங்க எல்லாரும் போங்க" என்றார் ரொட்டிக்காரர், காற்றாக. "நான் இருக்கேன். எழுந்ததும் கூட்டிட்டு வர்றேன்."

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். அவர் செருப்பை மெதுவாகக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். பிரம்பு நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தார். அது முனகியது, அசையாமல் இருந்தார்.

8

இதற்கு மேல் எனக்குத் தைரியம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பகல் தூக்கத்திலிருந்து விழிப்பவருக்கு முதலில் எந்த ஊர், எந்த வருஷம் என்று எதுவும் தெரியாது. லிப்ட்காரர் கண் திறந்தால் முதலில் தெரியப்போவது ஜன்னல் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்கு எதிரில், முகம் தெரியாமல், மகன் வயசில் ஓர் ஆள். அந்த அரைவிழிப்பில் வாயில் வருவதுதான் வரும். அவர் யோசித்து யோசித்து ஒதுக்கிய எந்தச் சொல்லும் அப்போது உதவிக்கு வராது.

மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று ஒரு முடிவு எழுதினேன். அடித்துவிட்டேன். மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறார் என்று இன்னொன்று எழுதினேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. ஒன்றுமே சொல்லாமல் எழுந்து, கொக்கியைச் சரிசெய்துவிட்டு, "போலாமா?" என்கிறார் என்று மூன்றாவது. அதுதான் நடக்கும் என்று பாதி மனசு சொல்கிறது. மீதிப் பாதி ஒப்பவில்லை.

ஆகவே நான் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். கதவு சும்மா சாத்தித்தான் இருக்கிறது. நீங்கள் போகலாம். எழுப்புவதும், இன்னும் கொஞ்சம் தூங்கவிடுவதும் உங்கள் விருப்பம். எழுந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்பதும் உங்களுடையது. பயப்பட ஒன்றும் இல்லை. எந்தப் பெயர் வந்தாலும் பதில் சொல்ல வேண்டிய ரொட்டிக்காரர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். அதை மட்டும் எனக்குத் தெரிந்தபடி எழுதிவிடுகிறேன்.

"இங்கதான் இருக்கேன்" என்பார்.